உங்களுக்குத் தெரியுமா? அடுத்த ஊடை எப்போது?

ஆரணி, சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கம் தறிவீட்டிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் முதல் வருஷத்திலேயே சி மொழியில் தலையைக் கொடுக்கிறார்கள். அதில் 'இத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்பது பார்க்கச் சின்ன வேலை. பலரும் சறுக்குவது அங்கேதான். இந்த வாரத் துணுக்குகள் அந்த டைமர், கால்பேக், ஈவென்ட் க்யூ சங்கதிகள்.

◆ பட்டுத் தறியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிக்குள் கடிகாரம் கிடையாது. துளையிட்ட அட்டைகள் மாலையாகக் கோத்துத் தொங்கும். மிதியை அழுத்தினால் சதுர உருளை கால் சுற்று திரும்பி, அடுத்த அட்டையை ஊசி வரிசையின் மேல் அழுத்தும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதன் கொக்கி அசையாமல் நின்று மேலே தூக்கப்படும், கொக்கியில் கட்டிய பாவு இழைகளும் கூடவே எழும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகும், இழை கீழேயே கிடக்கும். நாடா குறுக்கே ஓடும். ஒரு அட்டைக்கு ஒரு ஊடை. கடைசி அட்டையை முதல் அட்டையோடு சேர்த்துக் கட்டியிருப்பதால் கரை டிசைன் தானே மறுபடி தொடங்கும். சி படித்தவர்கள் இதைப் பார்த்தவுடன் 'சர்க்குலர் க்யூ' என்பார்கள், சரிதான்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நெசவாளர் நடுவில் எழுந்து டீ குடிக்கப் போனால் டிசைன் கெடாது. அரை மணி கழித்து வந்து மிதித்தாலும் வரவேண்டிய அட்டைதான் வரும். தறிக்கு நேரம் என்பது ஊடை எண்ணிக்கை, அவ்வளவே. கணினி டைமருக்கு இந்தச் சலுகை இல்லை. புரோகிராம் தூங்கினாலும் மணி ஓடிக்கொண்டே இருக்கும். டைமரில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருபவை.

◆ தறிக் கணக்கில் ஓடும் கணினி நிரல்களும் உண்டு. பேருந்து நிலையக் கூட்டம், வங்கி வரிசை, தொலைபேசி இணைப்பகம் போன்றவற்றைக் கணினியில் நடித்துப் பார்க்கும் சிமுலேஷன் நிரல்கள் விநாடி விநாடியாக நகர்வதில்லை. க்யூவில் அடுத்து நிற்கும் நிகழ்ச்சி எதுவோ, கடிகார முள்ளை நேரே அங்கே கொண்டுபோய் வைத்துவிடும். இடையில் ஒன்றும் நடக்காத இருபது நிமிஷம் அதற்கு ஒரு கணம்கூட இல்லை. 1960-களில் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா மொழி இந்த வேலைக்காகவே பிறந்தது. பின்னால் அதுவே ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளுக்கெல்லாம் பாட்டியானது தனிக் கதை.

◆ சரி, 'திரும்பத் திரும்ப வரும் டைமர்' என்று தனியாக ஒன்று தேவையா? தேவையில்லை. ஒருமுறை மட்டும் அடிக்கும் டைமர் போதும். ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குள் நான்கே சாமான்: எப்போது அடிக்க வேண்டும், எத்தனை இடைவெளி, எந்த ஃபங்ஷன் (இது ஃபங்ஷன் பாயிண்டர்), அந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கவேண்டிய தகவல் (இது வாய்ட் பாயிண்டர்). நேரம் வந்ததும் வரிசையிலிருந்து எடு, ஃபங்ஷனைக் கூப்பிடு, புது நேரம் எழுதித் திரும்ப வரிசையில் போடு. முடிந்தது.

எல்லாச் சூட்சுமமும் அந்தப் 'புது நேரம்' என்ற இடத்தில் இருக்கிறது. 'இப்போதைய நேரம் + 100 மில்லிவிநாடி' என்று எழுதினால் தப்பு. கால்பேக் (நாம் கொடுத்த அந்த ஃபங்ஷன்) ஓட 3 மில்லிவிநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றும் 103 ஆகிவிடும். ஒரு மணி நேரத்தில் 36,000 தடவை அடிக்கவேண்டியது 34,951 தடவைதான் அடிக்கும். ஆயிரத்துச் சொச்சம் சுற்று காணாமல் போயிருக்கும், எந்த எரரும் வந்திருக்காது. 'அடித்திருக்கவேண்டிய நேரம் + 100' என்று எழுதுங்கள். ஒரு சுற்று தாமதமானாலும் அடுத்தது தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு வேரியபிள் பெயர். வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வில் நானாக இருந்தால் இதை மட்டும்தான் கேட்பேன்.

◆ மேலே சொன்ன சரியான முறைக்கும் ஒரு வால் உண்டு. இயந்திரம் 10 விநாடி உறைந்துபோய் எழுந்தால் 100 கால்பேக் பாக்கி நிற்கும். எல்லாம் ஒரே மூச்சில் வரிசையாக வெடிக்கும். பாக்கியைத் தீர்ப்பதா, விட்டுவிட்டு அடுத்த சுற்றிலிருந்து தொடங்குவதா என்பதை நிரல் எழுதுகிறவர்தான் முடிவு செய்யவேண்டும். வட்டிக் கணக்கு என்றால் ஒரு சுற்றும் விடக்கூடாது. திரையில் ஓடும் பொம்மை என்றால் விட்டால் ஒரு குடியும் முழுகாது. லினக்ஸின் 'டைமர் எஃப்.டி.' வசதி இந்த முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது. அதைப் படித்தால் 8 பைட்டில் ஒரு எண் வரும்: நீ கடைசியாகப் பார்த்ததிலிருந்து இத்தனை முறை அடித்துவிட்டேன் என்று.

◆ சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' புராசஸர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018-ல் அதன் 'ரைஸ்கிரீக்' சிப் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், 'ரிமோ' சிப் சண்டிகரில் 180 நானோமீட்டரிலும் தயாரானது. சக்தி பின்பற்றுவது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வரையறை. அந்த வரையறையின் அடிப்படை டைமரில் 'மாதம் ஒருமுறை, நிமிஷம் ஒருமுறை' என்ற பேச்சே கிடையாது. 64 பிட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கவுன்டர், 'எம்-டைம்'. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு 64 பிட், 'எம்-டைம்-கம்ப்பேர்'. முதலாவது இரண்டாவதை எட்டியதும் இன்டரப்ட் வரும். அடுத்ததை எழுதவேண்டியது நம் வேலை. அங்கேயும் அதே விதி: ஒப்பீட்டுப் பெட்டியில் ஏற்கெனவே இருந்த எண்ணோடு இடைவெளியைக் கூட்டவேண்டும், ஓடும் கவுன்டரோடு கூட்டினால் நழுவும்.

◆ 1985-ன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்யலாம், சேலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டில் ஊடை விழும் வேகத்தை மோட்டார் தீர்மானிப்பதில்லை, கால்தான்.

◆ யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் (1975) டைமர் வரிசை எப்படி இருந்தது தெரியுமா? மொத்தம் 20 இடம்! அதற்குமேல் ஒரே சமயத்தில் காத்திருக்க அனுமதி இல்லை. ஆனால் அந்த இருபதையும் வைத்திருந்த விதம் அழகு. ஒரு வேலை 5 டிக் (கடிகாரத் துடிப்பு) கழித்து, இரண்டு வேலைகள் 8 டிக் கழித்து, ஒன்று 20 டிக் கழித்து நடக்கவேண்டும் என்றால் அட்டவணையில் 5, 8, 8, 20 என்று எழுதமாட்டார்கள். 5, 3, 0, 12 என்று எழுதுவார்கள். முன்னால் நிற்பவருக்கும் தனக்கும் உள்ள இடைவெளி மட்டும். ஒவ்வொரு டிக்குக்கும் முதல் எண்ணில் மட்டும் ஒன்றைக் குறைத்தால் போதும், வரிசை முழுக்கத் தானே நகர்ந்துவிடும். பூஜ்யமானால் கூப்பிடு, பின்னால் வருவதும் பூஜ்யமாக இருந்தால் அதையும் கூப்பிடு.

இந்த வசதி அன்று செய்த முக்கிய வேலைகளில் ஒன்று டெலிடைப்புக்குக் காத்திருப்பது. எழுத்தடிக்கும் தலை வரிக் கடைசியிலிருந்து வரித் தொடக்கத்துக்கு இரும்பை இழுத்துக்கொண்டு திரும்பவேண்டும். அதுவரை அடுத்த எழுத்தை அனுப்பினால் காகிதத்தின் நடுவில் எங்கேயாவது விழும். 'இத்தனை டிக் கழித்து மறுபடி தொடங்கு' என்று ஒரு கால்பேக் போட்டுவிட்டு கெர்னல் வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

◆ அந்த டிக் எங்கிருந்து வந்தது? சுவரில் செருகிய மின்சாரத்திலிருந்து. அந்த யூனிக்ஸ் ஓடிய பி.டி.பி.-11 இயந்திரத்தின் லைன் கிளாக் அட்டை, மின்னோட்டம் ஏறி இறங்குவதை எண்ணி அமெரிக்காவில் விநாடிக்கு 60 டிக் கொடுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இந்திய மின்தொகுப்பு விதிப்படி 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்கவேண்டும். நாள் முழுக்க 49.90-லேயே நின்றால், மின்சாரத்தை நம்பி ஓடும் கடிகாரம் ஒரே நாளில் கிட்டத்தட்ட மூன்று நிமிஷம் பின்தங்கிவிடும். கல்யாண முகூர்த்தத்துக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

◆ வரிசையில் டைமர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் தேடி நடுவில் செருகுவது கட்டுப்படியாகாது. 1964-ல் ஜே.டபிள்யூ.ஜே. வில்லியம்ஸ் அறிமுகப்படுத்திய 'ஹீப்' அமைப்பு அதற்குத் தோதானது; பத்து லட்சம் டைமர் இருந்தாலும் செருக ஏறக்குறைய இருபது ஒப்பீடு போதும். ஆனால் ஹீப்புக்கு ஒரு கெட்ட குணம். ஒரே நேரத்துக்குக் குறித்த இரண்டு வேலைகளில் முதலில் வந்தது முதலில் போகும் என்று உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு டைமருக்கும் டோக்கன் நம்பர் ஒன்று போட்டு, நேரம் சமமானால் டோக்கனைப் பார் என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அந்த வரியை மறந்தவர்கள், பத்து முறை ஓட்டினால் இரண்டு முறை மட்டும் தப்பாக வரும் நிரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

◆ ஹீப்பையும் விட வேகமான வழி ஒன்று உண்டு. அதைக் கண்டவர்களில் ஒருவர் இந்தியர். ஜார்ஜ் வர்கீஸ், 1981-ல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்தவர். அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது டோனி லாக்கோடு சேர்ந்து 1987-ல் வெளியிட்ட கட்டுரையின் விஷயம் 'டைமிங் வீல்'. ஒரு அர்ரே, வட்டமாகச் சுழல்வதாக வைத்துக்கொள்வது. ஒவ்வொரு டிக்குக்கும் முள் ஒரு கட்டம் நகரும். அந்தக் கட்டத்தில் யார் யார் காத்திருக்கிறார்களோ அவர்களை எல்லாம் கூப்பிடு. புது டைமர் போடவேண்டுமா? இப்போதைய கட்டத்திலிருந்து எத்தனை கட்டம் தள்ளி என்று எண்ணி அங்கே மாட்டிவிடு. தேடலே இல்லை. பத்து டைமருக்கும் பத்து லட்சம் டைமருக்கும் ஒரே செலவு.

நீண்ட நேரத்துக்கு? 100 நாள் வரைக்கும் விநாடித் துல்லியத்தில் வேண்டும் என்றால் 86,40,000 கட்டம் வேண்டியிருக்கும். கட்டுரையில் அதற்கும் விடை இருந்தது. நாளுக்கு 100, மணிக்கு 24, நிமிஷத்துக்கு 60, விநாடிக்கு 60 என்று நான்கு சக்கரம் வை. மொத்தம் 244 கட்டம் போதும். பெரிய சக்கரத்தில் இருப்பவர்கள் நேரம் நெருங்க நெருங்கச் சின்னச் சக்கரத்துக்கு இறங்கி வருவார்கள்.

லினக்ஸ் கெர்னல் இந்தச் சக்கரத்தைத்தான் வெகுகாலம் ஓட்டியது. 2016-ல் தாமஸ் கிளெய்க்ஸ்னர் அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார். அவர் கவனித்த விஷயம் எளிமையானது: கெர்னலில் போடும் டைமர்களில் பெரும்பாலானவை அடிப்பதே இல்லை. 'இத்தனை நேரத்தில் பதில் வராவிட்டால் எழுப்பு' என்று போடுவார்கள், பதில் வந்துவிடும், டைமர் ரத்தாகும். அடிக்காமலே சாகப்போகிற டைமரை எதற்கு ஒவ்வொரு சக்கரமாக இறக்கிக்கொண்டு வரவேண்டும்? இறக்குவதையே நிறுத்திவிட்டார். தூரத்து டைமர்கள் கொஞ்சம் தாமதமாக அடிக்கும், அடித்தால். துல்லியம் வேண்டுகிறவர்களுக்கு 'எச்.ஆர். டைமர்' என்று தனி ஏற்பாடு 2006-லிருந்தே இருக்கிறது.

◆ கரை டிசைனுக்கு 48 அட்டை. உடலில் 180 ஊடைக்கு ஒரு புட்டா. இரண்டும் ஒரே ஊடையில் தொடங்கினால், மறுபடி எப்போது ஒன்றாகத் தொடங்கும்? 720 ஊடை கழித்து, பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு. வெவ்வேறு இடைவெளியுள்ள டைமர்கள் ஒரே கணத்தில் வந்து மோதுவதும் இதே கணக்கில்தான். சோதனை ஓட்டத்தை 720-க்கு முன்னால் நிறுத்தினால் அந்த மோதலைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். திரும்பத் திரும்ப வரும் வேலைகளில் எதற்கு முன்னுரிமை என்ற கேள்விக்கு 1973-ல் லியுவும் லேலேண்டும் கணித விடை கொடுத்தார்கள். முன்னுரிமையை மாற்றாமல் வைத்திருப்பதானால், இடைவெளி குறைந்த வேலைக்கு முதலிடம். அப்படிச் செய்து, மொத்தச் சுமை 69 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் எந்த வேலையும் கெடு தப்பாது.

◆ 0.1 என்ற எண் கணினிக்குள் முழுசாக நுழையாது. இரண்டின் கணக்கில் எழுதினால் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எங்காவது வெட்டித்தான் ஆகவேண்டும். 1991 பிப்ரவரி 25, சவூதி அரேபியாவின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்புக் கருவி விநாடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் பிழை விநாடியில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கருவியை 100 மணி நேரமாக அணைக்கவில்லை. 36 லட்சம் டிக் சேர்ந்து பிழை 0.34 விநாடி ஆகிவிட்டது. அதற்குள் தாக்க வரும் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்திருக்கும். தடுப்புக் கருவி தப்பான இடத்தில் தேடியது. 28 வீரர்கள் இறந்தார்கள்.

நம் பழைய கணக்குக்காரர்களின் கால், அரைக்கால், வீசம், அரைவீசம் எல்லாம் இரண்டின் அடுக்குகளில் வருபவை: நாலில், எட்டில், பதினாறில், முப்பத்திரண்டில் ஒன்று. இவை ஒவ்வொன்றும் கணினிக்குள் துளிப் பிழையில்லாமல் உட்காரும். 'மா' உட்காராது, அது இருபதில் ஒன்று. டைமருக்கு வீசக் கணக்கு பார்க்கச் சொல்லவில்லை. நேரத்தை முழு எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மில்லிவிநாடியோ நானோவிநாடியோ. பின்னத்தைக் கடைசியில் திரையில் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

◆ முழு எண்ணுக்கும் கூரை உண்டு. 32 பிட்டில் மில்லிவிநாடியை எண்ணினால் 429,49,67,296-ல் நிரம்பி மறுபடி பூஜ்யம். அது 49 நாள் 17 மணி நேரம் சொச்சம். ஆடி முதல் தேதி மந்தக் காலத்தில் ஒரு கருவியை ஓடவிட்டால், ஆவணி மூன்றாம் வாரத்தில், முகூர்த்த ஆர்டர் குவிந்து கிடக்கும் நேரமாகப் பார்த்து எண்ணிக்கை சுழலும். விண்டோஸ் 95-ம் 98-ம் சரியாக இந்த 49.7 நாளில் உறைந்துபோகும் குறையோடு வந்தன. அதுவரை அணைக்காமல் ஓட்டியவர்கள் குறைவு என்பதால் பலருக்கும் தெரியவில்லை. போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் 248 நாளில் நிரம்பும் கவுன்டர் இருப்பதாக 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவு போட்டது. அதற்குள் ஒருமுறை மின்சாரத்தை அணைத்துப் போடுங்கள் என்று. 31 பிட்டில் விநாடியில் நூறில் ஒரு பங்கை எண்ணிப் பாருங்கள், 248 நாள் தானே வரும்.

சி-யில் இதற்குத் தப்பிக்கும் வழி ஒரு வரி. 'இப்போது, குறித்த நேரத்தைவிடப் பெரியதா?' என்று கேட்காதீர்கள். குறியில்லாத எண்களாகவே ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, வந்ததைக் குறியுள்ள எண்ணாக மாற்றிப் பூஜ்யத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் கவுன்டர் சுழன்றிருந்தாலும் கழித்தலில் விடை சரியாக வரும். குறித்த நேரம் பாதிச் சுற்றுக்குள் இருந்தால் போதும்.

◆ டைமர் சிக்னலாக வந்து அடித்தால், அதன் சிக்னல் ஹேண்ட்லருக்குள் 'பிரின்ட்எஃப்', 'மால்லாக்' வேண்டாம். ஒரு கொடியை ஏற்றிவிட்டு வெளியே வாருங்கள். மீதியை க்யூ பார்த்துக்கொள்ளும்.

◆ 1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி தானே ரீசெட் ஆனது. சுற்றுக்குச் சுற்று முடியவேண்டிய முக்கிய வேலை ஒன்று நேரத்துக்கு முடியவில்லை. அதைக் கண்காணித்த வேலை, ஏதோ கோளாறு என்று முழுவதையும் அணைத்துப் போட்டுவிட்டது. காரணம், முன்னுரிமை குறைந்த வானிலை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்துக்கொண்டிருக்க, நடுத்தர வேலைகள் அதை ஓடவிடாமல் இடையில் புகுந்தன. பூமியிலிருந்து ஒரு சி வேரியபிளின் மதிப்பை மாற்றி, பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாக முன்னுரிமை கொடுக்கும் வசதியை இயக்கினார்கள். சரியாகிவிட்டது.

◆ தனித்தனி டைமர்கள் ஒன்றையொன்று பார்க்காமலே தாளம் சேர்ந்துகொள்ளும் என்றால் நம்புவீர்களா? இணையத்தில் ரூட்டர்கள் குறிப்பிட்ட விநாடிக்கு ஒருமுறை பாதைத் தகவலை அக்கம்பக்கத்துக்கு அனுப்பும். ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியவை. ஆனால் 90 விநாடிக்கு ஒருமுறை இணைப்பில் கொத்தாகத் தகவல் தொலைவதை சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் கவனித்தார்கள். 1993-ல் வெளியிட்ட கட்டுரையில் காரணம் சொன்னார்கள். பக்கத்து ரூட்டரின் தகவலைக் கையாண்டு முடித்த பிறகே ஒவ்வொன்றும் தன் டைமரைத் திரும்பப் போட்டது. அதாவது 'இப்போது + இடைவெளி', நாம் மேலே பார்த்த அதே தப்பு! ஒருவர் தாமதம் அடுத்தவரைத் தொட, கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் ஒரே கணத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மருந்து, இடைவெளியில் வேண்டுமென்றே தாராளமாகக் குலுக்கல் சேர்ப்பது. துல்லியமே குற்றமாகும் இடம் இது ஒன்று.

◆ 2012 ஜூலை 1 ஞாயிறு, இந்திய நேரம் காலை 5 மணி 29 நிமிஷம் 60-வது விநாடி. அப்படி ஒரு விநாடி உண்மையிலேயே இருந்தது. பூமியின் சுழற்சியோடு கடிகாரத்தைச் சமன் செய்யச் செருகிய லீப் விநாடி. லினக்ஸின் எச்.ஆர். டைமருக்கு இந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேரவில்லை. அது ஒரு விநாடி முன்னால் ஓட, 'இன்னும் அரை விநாடி கழித்து எழுப்பு' என்று படுத்தவர்களை எல்லாம் உடனே எழுப்பியது. அவர்கள் மறுபடி படுக்க, மறுபடி எழுப்பியது. சர்வர்கள் நூறு சதவீதச் சுமையில் கொதித்தன, ரெட்டிட், மொஸில்லா உள்பட. மருந்து என்ன தெரியுமா? இருக்கிற தேதியையே திரும்ப ஒருமுறை செட் செய்வது. லீப் விநாடி முறைக்கு 2035-க்குள் முடிவு கட்ட 2022-ல் சர்வதேச எடை அளவை மாநாடு தீர்மானித்திருக்கிறது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும், இடைவெளி அளக்க 'மோனோடோனிக்' கடிகாரத்தைக் கேளுங்கள். சுவர்க் கடிகாரத்தை யாராவது திருத்திக்கொண்டே இருப்பார்கள்.

◆ உலகம் முழுக்க ஓடும் ரெடிஸ் தரவுத்தளம் தன் டைமர்களை எதில் வைத்திருக்கிறது? ஹீப்பா, சக்கரமா? வரிசைப்படுத்தாத சாதாரண லிங்க்டு லிஸ்ட்! ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறது. காத்திருக்கும் டைமர் வழக்கமாக ஒன்றிரண்டுதான், விநாடிக்குப் பத்து முறை ஓடும் வீட்டுவேலை ஃபங்ஷன் ஒன்று அதில் முக்கியம். அதற்கு எதற்குச் சக்கரம்? அதன் இன்னொரு அம்சம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கால்பேக் திருப்பித் தரும் எண்ணே 'என்னை மறுபடி எத்தனை மில்லிவிநாடி கழித்துக் கூப்பிடு' என்பதற்கான பதில். மைனஸ் ஒன்று தந்தால் போதும், இனி கூப்பிடாதே. நிறுத்துவதற்குத் தனி ஃபங்ஷன் தேடவேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் டைமரே தன்னை அழித்துக்கொள்ளும் விபத்தும் குறைவு.

◆ கால்பேக்குக்குத் தகவல் கொடுக்கும் வழக்கத்தை லினக்ஸ் 2018 ஜனவரியில் வந்த 4.15-ல் மாற்றிக்கொண்டது. அதற்குமுன் ஸ்ட்ரக்டுக்குள் ஃபங்ஷன் பாயிண்டரும் அதற்கான தகவலும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. பக்கத்து நினைவகத்தில் எல்லை மீறி எழுதத் தெரிந்த திருடனுக்கு, எந்த ஃபங்ஷனை எந்தத் தகவலோடு கூப்பிடுவது என்று இரண்டையும் ஒரே வீச்சில் மாற்ற வசதி. இப்போது கால்பேக்குக்குப் போவது டைமரின் சொந்த முகவரி மட்டும். அந்த டைமர் எந்தப் பெரிய ஸ்ட்ரக்டுக்குள் இருக்கிறதோ, முகவரியைப் பின்னால் நகர்த்தி அதைக் கண்டுபிடித்துக்கொள்ளவேண்டும்.

◆ எலக்ட்ரானிக் ஜக்கார்டை முதன்முதலில் காட்டியது போனாஸ் நிறுவனம், 1983-ல் மிலானில் நடந்த ஜவுளி இயந்திரக் கண்காட்சியில். அட்டை மாலை போய் நினைவகம் வந்தது, ஊசி போய் மின்காந்தம் வந்தது. அதற்கு ஏறக்குறைய 140 வருஷம் முன்பு லியோனில் பட்டில் நெய்த, இந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த ஜக்கார்டு என்பவரின் உருவப்படத்துக்கு மட்டும் சுமார் 24,000 அட்டை செலவானது. அதில் ஒன்றைக் கணினி முன்னோடி சார்லஸ் பாபேஜ் வாங்கி வீட்டில் மாட்டி வைத்திருந்தார். ஐந்தரை மீட்டர்ச் சேலைக்கு அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால் மொத்தம் 13,000 ஊடை வரும். ஒரு சின்னப் படத்துக்கு இரண்டு சேலையை நெருங்கும் வேலை. அட்டை போனாலும் அடிப்படை மாறவில்லை: அடுத்த வரிசையை எடு என்று சொல்வது இன்றும் கடிகாரம் அல்ல, ஊடை நகர்ந்ததைச் சொல்லும் சமிக்ஞைதான். டைமருக்கு அங்கே சின்ன வேலை, மின்காந்தத்தில் எவ்வளவு நேரம் மின்சாரம் நிற்கவேண்டும் என்று பார்ப்பது.

◆ குறியுள்ள 32 பிட்டில் 1970-லிருந்து விநாடி எண்ணும் கருவிகளுக்குக் கெடு 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடி. பொங்கல் முடிந்து ஊர் திரும்பியிருக்கும் நேரம்.

◆ கவுன்டர் சுழலும்போது நிரல் உடையுமா என்று 49 நாள் காத்திருந்து பார்க்க யாருக்குப் பொறுமை? லினக்ஸில் ஒரு குறும்பு வைத்திருக்கிறார்கள். கெர்னல் டிக் எண்ணும் 'ஜிஃபீஸ்' கவுன்டர் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. 32 பிட் இயந்திரத்தில், பூட் ஆன ஐந்தாவது நிமிஷம் நிரம்பிச் சுழலும்படி மைனஸ் 300 விநாடியில் தொடங்குகிறது. ஒப்பீட்டைத் தப்பாக எழுதிய டிரைவர் எழுதியவர் மேசையிலேயே, டீ ஆறுவதற்குள் மாட்டிக்கொள்ளும். உங்கள் சொந்த க்யூவிலும் இதைச் செய்யலாம்: கவுன்டரின் தொடக்க மதிப்பை மாற்றும் ஒரு வரி.